குறிப்பு: இருபது எழுத்துக்குள்

கணபதியில், பவுண்டரிச் சந்தின் முடிவில் எங்கள் கம்பெனி.
ஒரு பொத்தான், ஒரு டம்ளர், பதினெட்டு நொடி.
'ஆட்டோமேட்டிக்' என்று முகப்பில் ஸ்டிக்கர்.
அதற்கு நேர் பின்னால், உள்ளே,
மயில்சாமி பற்றவைத்த பாய்லரின் தழும்பு
மீன் செதிலாய் அடுக்கடுக்காக.
பார்த்தவர்கள் இரண்டே பேர்:
அவரும், பின்மூடி கழற்றும் நானும்.

நான் சர்வீஸ்.
சிறுவாணியில் சோதித்து அனுப்பும் மெசின்
பல்லடம் தாண்டினால் வேறு பேச்சுப் பேசும்.
காங்கயத்தில் ஆறே மாதத்தில்
முட்டையோடு போல உள்ளே உப்பு.
தாராபுரத்தில் டிகாக்‌ஷன் இறங்கவே யோசிக்கும்.
கோபியில்
வாய்க்கால் திறந்த வாரம் ஒரு ருசி
அடைத்த வாரம் ஒரு ருசி.
பாய்லரில் காது வைத்து, கால் திருகு, அரைத் திருகு,
ஒன்பது வருடம் நோட்டில் எழுதி வைத்தேன்.

புது மாடல் தன்னைத் தானே திருகிக்கொள்ளுமாம்.
நோட்டைக் கேட்டார்கள்.
பிடுங்கவில்லை, கேட்டார்கள்;
சம்பளத்தில் ஆயிரத்து இருநூறு கூட்டினார்கள்.
நானே உட்கார்ந்து தட்டினேன்:
ஊர், உப்பு, சூடு, அழுத்தம், நொடி.
கடைசிக் கட்டம் 'குறிப்பு'.
இருபது எழுத்துக்கு மேல் ஏற்காது.

பெருந்துறை: பால் ஈரோட்டு வண்டி தாமதமானால் ப
வெள்ளகோவில்: செவ்வாய் டேங்கர் எந்தக் கிணறு எ

இரண்டு மாதம் ஒரு போன் இல்லை.
பொய் சொல்லக் கூடாது,
காங்கயத்தில் குடித்துப் பார்த்தேன்,
என் திருகலைவிட நன்றாகவே இருந்தது.
வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு சென்னியப்பன் மெஸ், பெருந்துறை.
"ரிப்பேர் ஒண்ணுமில்லீங்க அம்மிணி,
ஆனா ஒருக்கா வந்துபோட்டுப் போங்க.
நம்ம கம்பவுண்டரு
மூணு வருசமா காப்பி செரியில்லைன்னு சொல்லிச் சொல்லியே
ரெண்டு டம்ளர் குடிப்பாருங்க.
இப்ப ஒரே டம்ளரு. வாயே தொறக்கறதில்லை.
எனக்குக் கல்லாவுல உக்காரவே என்னமோ மாதிரி இருக்குதுங்க."

போனேன். பச்சை விளக்கு.
எல்லா எண்ணும் என் எண்தான்.
பின்மூடி கழற்றினேன்,
செதில்களைத் தொட்டேன்,
தானியங்கியை அணைத்து
மூன்று டிகிரி இறக்கினேன்.

கம்பவுண்டர் ஒரு மடக்கு உறிஞ்சினார்.
டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"ஏனுங் சென்னியப்பா, என்ன சூடு இது?
கொழந்தைக்கு ஆத்திக் குடுத்த மாதிரி."
பிறகு பால்காரனுக்கு வந்தார்,
பிறகு பஞ்சாயத்துக்கு,
அப்புறம், இன்னொரு டம்ளர்.

மறுநாள் ஆபீஸ் திரையில்
பெருந்துறை மட்டும் சிவப்பு.
காரணம் எழுதச் சொன்னார்கள்.
கட்டத்தில் தட்டினேன்:
கம்பவுண்டருக்கு.

ஒன்பது எழுத்து.
பதினொன்று மிச்சம்.