ஆறு புள்ளி நான்கு

உம்முல் குவைனில்
பழைய டயர் கிடங்கை அடுத்த தகரக் கொட்டகை.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே ஒன்பது தொட்டி,
இறாலுக்கு மட்டும் இருபத்தொன்பது.

மூன்று இரவாக ஏழாம் தொட்டி புளித்துக்கொண்டு வந்தது.
தோசைமாவு என்றால் பொங்கிச் சொல்லிவிடும்.
தண்ணீர் சொல்லவில்லை.
மீட்டர் சொன்னது: ஏழு புள்ளி ஒன்று,
ஆறு புள்ளி எட்டு,
இன்று சுபுஹு பாங்குக்கு முன்னால்
ஆறு புள்ளி நான்கு.

சோடா உப்பு மூட்டை ஷார்ஜாவிலிருந்து வரவேண்டும்.
"நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்" என்றார் கொள்முதல் நௌஃபல்,
திங்களும் செவ்வாயும் புதனும்.

தீனித்தட்டு போட்டது போட்டபடி.
ஷொஹேல் வலையில் அள்ளி என் கையில் கொட்டினான்.
கண்ணாடியாய் இருந்த உடம்பில்
யாரோ பால் கலந்திருந்தார்கள்.

ஒன்றைக் கீறி, ஈரலில் ஒரு துளி எடுத்து,
சாயமேற்றி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன்.

அமிலம் சுட்டுக் கொல்லும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
அது வாசலில் நின்று சேதி மட்டும் சொல்கிறது.
மிச்சத்தைச் செல்லே பார்த்துக்கொள்கிறது.
உள்ளே எரியும் சின்ன உலைகளில் விரிசல்.
அதன் வழியே கசிகிறது ஒரு புரதம்.
அதுவரை தூங்கிய கத்தரிக்கோல்கள் எழுந்து
கருவுக்குள் இருக்கும் நூலைத்
துண்டுதுண்டாக நறுக்குகின்றன.
பிறகு தன்னைத்தானே பொட்டலம் பொட்டலமாய்க் கட்டி,
பக்கத்துச் செல்மேல் ஒரு சொட்டும் சிந்தாமல்
போய்ச் சேர்கிறது.

ஒரு செல் இப்படிப் போவது உடம்புக்கு நல்லதாம்.
பாடத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.
ஓர் ஈரல் முழுக்க ஒரே வாரத்தில் போனால்
என்ன எழுதுவது என்று பாடத்தில் இல்லை.

பச்சைப் பொட்டுகளுக்கு நடுவே
ஆரஞ்சுப் பொட்டுகளை எண்ணினேன்.
நூற்றுக்கு முப்பத்தெட்டு.
இரண்டாம் முறை எண்ணியபோது முப்பத்தொன்பது;
கண் தவறியதா, ஒன்று அதற்குள் முடிந்ததா.

பெட்ரோல் பங்க் பக்காலாவில்
சமையல் சோடா பன்னிரண்டு டப்பா இருந்தது.
என் காசு பாதி, ஷொஹேல் காசு பாதி.
தொட்டியில் இருநூறு டன் தண்ணீர்;
கணக்குப்படி நாற்பது கிலோ வேண்டும்.
கணக்கை அவனிடம் சொல்லவில்லை.
பக்கெட்டில் கரைத்துக் கரைத்து ஊற்றினான்,
காற்றுக்குழாய் குமிழிகளுக்கு மேல்
காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல.

ஆறு புள்ளி ஐந்து.

"பார்த்தியா பாய்!" என்று சிரித்தான்.

சேதப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
'வெயில்' என்று போடச் சொல்லிப் போனில் நௌஃபல்.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

பதினொரு டப்பாதான் கரைத்தோம்.
ஒன்றை எனக்கு நிறுத்திக்கொண்டேன்:
மூன்று இரவாக நெஞ்செரிச்சல்.