ஈரக்கழிவு

வாலிநோக்கம் விலக்குக்குத் தெற்கே
மூடிப்போன ஐஸ் கம்பெனிக் கொட்டகையில்
மின்தராசின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
சட்டை முதுகில் ஒரு சோப்புக் கம்பெனியின் இலை.
பச்சைதான்.
துவைக்கத் துவைக்கப் பழுத்துவருகிறது.

மூட்டை வந்தால் எடை.
எடையில் ஈரக்கழிவு, நூற்றுக்கு எட்டு.
மீதிக்குக் கிலோ ஒன்பது ரூபாய்.
"கழிவுக்கே கழிவு பிடிக்கிறீகளே"
என்று முதல் நாளே சிரித்தாள் ரூபிலா.
பாசிக்குப் போகாத நாட்களில் இதற்கு வருவாள்.
விரல்களில் துணி சுற்றிய தழும்பு
அப்போதும் இருக்கும்.

ஒரு ஷாம்பு உறை ஒரு கிராம்கூட வராது.
ஆயிரம் தலை குளித்து எழுந்தாலும்
இங்கே ஒரு கிலோ நிறையாது.
அதனால் உறைக்குள் மணலை விட்டுவைப்பார்கள்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.
உதறச் சொல்வது என் வேலை.
சில நாள் சொல்வேன்.
கச்சான் அடித்து
வள்ளம் ஒன்றும் இறங்காத வாரங்களில்
எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

மாதக் கடைசியில் படிவம்.
அதில் ஒரு கேள்வி:
கடலிலிருந்து வந்ததா,
கடலுக்குப் போகவிருந்ததா?
இரண்டுக்கும் இரண்டு விலையாம், சென்னையில்.
உறையைத் திருப்பிப் பார்க்கிறேன்.
அதே மல்லிகை, அதே பெண், அதே கூந்தல்.
எழுத்து மட்டும் சிங்களம்.
கொண்டலில் அது இங்கே ஒதுங்கும்,
கச்சானில் நம்முடையது அங்கே.
ரோந்துப் படகு எதையும் மறிப்பதில்லை.
இதே தண்ணீரில் கோட்டைத் தாண்டினான் என்று
ரூபிலாவின் கொழுந்தன்
மூன்று மாதம் உள்ளே இருந்தான்.
படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
'இதர' என்று போட்டேன்.

தணிக்கைக்கு வந்த பெண்ணின் பெயர் மாதங்கி.
தன் தண்ணீரைத் தானே எவர்சில்வர் குப்பியில் கொண்டுவந்திருந்தாள்.
நல்ல மாதிரிதான்.
"இந்த வருஷம் எவ்வளவு விற்றார்களோ
அவ்வளவையும் எடுத்துவிட்டார்கள்.
கணக்கு நேர்."
நேர் என்றால்?
"பூஜ்யம்."
பேசிக்கொண்டே மூட்டைக்குள் கையை விட்டாள்.
விரலிடுக்கில் மணல் இறங்கியது,
நின்று, மறுபடி இறங்கியது.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கடலைப் பார்த்தேன்.
ஏதோ எழுதினாள்; கேட்கவில்லை.

ஐப்பசியில் அறிக்கை வந்தது, வழவழப்புத் தாளில்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ரூபிலா.
படத்துக்குக் கீழே பெயர் இல்லை,
கடலின் காவலர் என்றிருந்தது.
"பல்லு தெரியிற மாதிரி எடுத்துப்புட்டாங்க"
என்றுதான் சொன்னாள்.
ஈரக் கையால் தொட்டதில்
தாளில் ஈரம் ஒட்டவே இல்லை.

அன்றைக்கு அவள் கூலி நூற்றுப் பன்னிரண்டு.
நேரே செய்யது பாரூக் கடைக்குப் போய்
இரண்டு உறை வாங்கிவந்தாள்.
பெரிய குப்பிக்குக் காசு எங்கே?
இரண்டு நாள் முங்கினால்
தலைமயிர் தேங்காய் நாராகிவிடுகிறது.
கொட்டகைக் குழாயடியில் குனிந்து
உறையின் மூலையைப் பல்லால் கிழித்துத் துப்பினாள்.
காலி உறையை மறக்காமல்
நாளைய மூட்டையில் போட்டாள்.

துப்பிய மூலை என் காலடிக்குப் பறந்துவந்தது.
நகத்தளவு முக்கோணம்,
அதில் பாதி மல்லிகை.
எடுத்துத் தராசில் வைத்தேன்.
சிவப்பு எண்கள் ஒருமுறை மினுங்கின.
பூஜ்யம்.