மூன்றாம் கவுண்டர்

ஸஹ்லேயில் எங்கள் வங்கிக் கிளை மூடிய பிறகு
எனக்கு மிஞ்சியது
நோட்டு எண்ணிப் பழகிய ஒரு கட்டைவிரல்.
இப்போது அது திருகாணி எண்ணுகிறது.
நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு,
எச்சில் தொடப் போய்
முதல் வாரம் கையுறையை நக்கியிருக்கிறேன்.
யாமின் சிரித்த சிரிப்பில்
பிடித்திருந்த ஏணியை விட்டுவிட்டான்.

மின்சாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் வந்த கோடை அது.
வந்தால்.
தெருமுனை ஜெனரேட்டர்காரன் வைத்ததே விலை.
ஊரே தன் கூரையை அண்ணாந்து பார்த்தது,
நானும் பார்த்தேன், வேறு வேலை இல்லாததால்.
சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை.
"உயரம் என்றால் பயமா?"
"இல்லை" என்றேன்.
முதல் நாள் கூலி அந்தப் பொய்க்குத்தான்.

கழுத்திலிருந்த டை
இடுப்புக்கு இறங்கிப் பட்டையாயிற்று.
தெற்கு எது என்று தெரிந்துகொண்டேன்,
முப்பத்தாறு வருஷம் இதே ஊரில் இருந்துவிட்டு.
பிளஸ், மைனஸ் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்;
இங்கே மாற்றிப் போட்டால்
அடித்துத் திருத்தி முத்திரை குத்த முடியாது,
புகை வரும்.
இரண்டு முனையும் பூட்டிக்கொள்ளும்போது ஒரு 'டிக்'.
கேட்காவிட்டால், கேட்கும்வரை.
அப்புறம் இது:
வெயிலில் இருக்கும் தகட்டை அணைக்க
ஸ்விட்ச் கிடையாது.

நேற்று மதாம் ஓதெத் வீடு.
கதவு திறந்ததும் இருவருக்கும் தெரிந்துவிட்டது.
"இந்த மாதம் இருநூறுதான், மதாம்."
ஏழு மாதம் சொன்னேன், ஒரே குரலில்,
அவள் பணத்தைப் பற்றி, அவளிடம்.
எட்டாம் மாதம்
கைப்பையால் என் கவுண்டரின் கண்ணாடியை அடித்தாள்.
ஒரு கீறல் விழவில்லை.
நல்ல கண்ணாடி.

அதே போல் கனத்த கண்ணாடியை
முதுகில் ஏற்றிக்கொண்டு நான்கு மாடி.
லிஃப்ட் இருக்கிறது, அது தொங்கிக்கொண்டிருக்கிறது.
ஆறு தகடு, ஆறு முறை.
ஆறாம் முறை படிக்கட்டில் நின்றிருந்தாள்.
"கனமா?"
"ஆமாம், மதாம்."
"நல்லது" என்றாள்.

மேலே தண்ணீர்த் தொட்டியின் நிழல்
கடைசித் தகட்டின் ஓரத்தில் விழுந்தது,
ஒரு கையகலம்.
கையகலம்தானே என்று விடலாம்,
யாரும் மேலே ஏறிப் பார்க்கப் போவதில்லை.
ஆனால் ஒன்றின் மேல் விழுந்த நிழலுக்கு
வரிசை மொத்தமும் சோர்ந்துபோகும்.
நகர்த்தினோம். நிறைந்த தொட்டி.
பாதிப் பகல் அதிலேயே போயிற்று,
கூலிக் கணக்கில் ஏறாத பாதி.
யாமின் என்னோடு பேசவில்லை.
மீட்டர் வைத்தேன்:
இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு வோல்ட்.
ஒரு தொகையைப் பார்த்து
இத்தனை சந்தோஷப்பட்டதில்லை நான்.

கீழே அவள் ஃபிரிட்ஜ்
இரண்டு முறை இருமி, உயிர் பிடித்துக்கொண்டது.
மாண்ட்ரியாலிலிருந்து மகள்
யார் கையிலோ கொடுத்தனுப்பிய டாலர்.
நாக்கில் விரல் தொட்டு
நிதானமாக இரண்டு தடவை எண்ணினாள்.
நான் நின்றுகொண்டிருந்தேன்,
இந்தப் பக்கம்.

"உத்தரவாதம்?"
"இருபத்தைந்து வருஷம், மதாம். எழுத்தில்."
"எழுத்தில்" என்றாள் அவளும்.
அவளுக்கு வயது எழுபத்தொன்று.
எங்கள் வங்கியின் காகிதமும்
கெட்டிக் காகிதம்தான்.

சட்டைப் பையில் மார்க்கர் இருந்தது.
இன்வெர்ட்டரின் பக்கவாட்டில் எழுதினேன்,
கம்பெனி எண்ணை அல்ல, என் எண்ணை.
கீழே, ரம்ஸி.
ஒன்பது வருஷம் ரசீதுகளில் கிறுக்கிய கையெழுத்து வரவில்லை,
படிக்க முடிகிற எழுத்து வந்தது.

மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு
ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாள்.
"இது ஒன்றா, ஏழா?"
"ஏழு."
என் கையிலிருந்து மார்க்கரை வாங்கி
ஏழின் குறுக்கே
ஒரு கோடு இழுத்தாள்.