பகாவில் குளிர்காலம் எட்டு மணி நேரம்

கதவுக்கு அந்தப் பக்கம் முப்பத்து நான்கு டிகிரி.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
வளைவில் பழம் உதிர்த்துப் போகின்றன.
இந்தப் பக்கம் ஒன்று.
சில நாள் முள் நடுங்கி, ஒன்றுக்கும் கீழே.

என் குளிர்ச்சட்டையில்
ரஸ்லான் என்று பேர் தைத்திருக்கிறது.
யாரென்று கேட்டதில்லை.
பையில் அவன் விட்டுப்போன இருமல் மிட்டாய் இரண்டு.

இன்று கீவி இறங்கியது.
பச்சை நாற்பது பெட்டி, பொன் பதினெட்டு.
கையெழுத்துப் போடுமுன்
ஒரு பெட்டியின் மேல் உள்ளங்கை வைத்தேன்.
தம்பி தொட்டதாக இருக்கலாம்.

அறுப்புக்கென்று போனவன் குணாளன்,
கவாத்துக்கும் நின்றுவிட்டான்.
ராத்திரி குரல் அனுப்புவான்,
சொல்லுக்கு நடுவே பல் தட்டும்.

"அக்கா, இந்தப் பொன்னு இருக்கே, செல்லப்பிள்ளை.
எல்லாருக்கும் முந்தி முழிச்சுக்கும்,
எல்லாருக்கும் முந்தி கருகும்.
பச்சை கொஞ்சம் முரடு,
மைனஸ் பத்து வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு நிக்குமாம்.
இன்னொண்ணு இருக்கு, திராட்சை அளவுதான்,
மேல முடியே இல்ல, தோலோட திங்கலாம்.
அது மைனஸ் முப்பதுலயும் சாகாதாம்."

சாகவே சாகாதா?

மறுநாள்தான் பதில் வந்தது.
"தூங்கறப்போ சாகாது.
துளிர் விட்டுட்டா
மைனஸ் ஒண்ணு ரெண்டே போதும்."

தில்பகதூரிடம் சொன்னேன்.
பெட்டி அடுக்குவதை நிறுத்தாமல் சிரித்தான்.
அவன் மலையிலும் அப்படி ஒரு கொடி உண்டாம்,
மேலே பனி மூடிக்கிடக்குமாம்.
எத்தனை டிகிரி?
"அளக்க யார் போனா?"

எனக்கும் ஒரு கொடி இருக்கிறது.
நசுங்கிக் கழித்த பழத்தின் விதை,
குவாட்டர்ஸ் பின்புறம், மைலோ டின்னில் முளைத்தது.
இப்போது கழிவறைக் கூரை வரை ஏறிவிட்டது.
இலை ஒவ்வொன்றும் அப்பளம் அகலம்.
நான்கு வருடம். ஒரு மொட்டு இல்லை.

அதற்குக் குளிர் வேண்டுமாம், மணிக்கணக்கில்.
எழுநூறு, எண்ணூறு மணி நேரம்
நடுங்கிக் கிடந்தால்தான்
பூக்கலாம் என்ற நினைப்பே வருமாம்.

டெலிவரி சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
நாளைக்கு எட்டு மணி, மாதம் இருபத்தாறு நாள்:
இருநூற்று எட்டு.
நான்கு மாதத்தில்
நானே பூத்திருக்க வேண்டும்.
ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன்.

தில்பகதூர் எட்டிப் பார்த்து
பெருக்கல் சரி என்றான்.

நேற்று வந்த குரலில் பல் தட்டவில்லை.
"வெயில் வந்திருச்சுக்கா, சட்டையக் கழட்டிட்டேன்.
கொடி பூரா பச்சை மொக்கு.
பெர்மிட் முடிஞ்சா என்ன, யாரும் கேக்கல.
ராத்திரி பனி இறங்கினா
ஹெலிகாப்டர் விட்டு
மேல் காத்தக் கீழே தள்ளுவாங்க, சத்தத்துல தூக்கமே வராது."

கொடிகளுக்கு ஹெலிகாப்டர்.

ஆறு மணி. கதவு திறந்ததும்
மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடுகிறது.
பகாவ் தெரிவதில்லை,
லோரிச் சத்தமும் பலகாரக் கடை எண்ணெய் வாடையும்தான்.
துடைக்காமல் நின்று தட்டினேன்:
சட்டையைப் போட்டுக்கொள்.

அழித்தேன்.
சாப்பிட்டாயா என்று அனுப்பினேன்.
ரஸ்லானின் மிட்டாயில் ஒன்றைப் பிரித்தேன்,
காகிதத்தோடு ஒட்டியிருந்தது.