பைய

டிசம்பர் காலைகளில் குலசேகரத்தில்
தேங்காயெண்ணெய் குப்பிக்குள் வெள்ளையாய் உறைந்து நிற்கும்,
பத்து மணி வெயிலில் சொன்ன பேச்சு கேட்கும்.
எனக்கு வேண்டிய கொழுப்பு அந்தச் சாது அல்ல.
எழுபது டிகிரிக்குக் குறைந்து உருகாதது.
ஒரு குழந்தை வயிற்றின் முப்பத்தேழில்
கரையாமல் கிடந்து
மருந்தை மட்டும் விடுவது,
பைய.

ஓ.பி. வராந்தாவில் குளச்சல் ஷைனிதான் சொன்னது:
"முழுங்க மாட்டான். ரெண்டு கரண்டிக்கு இடையில வச்சுப்
பொடிச்சு, தேன்ல கொழச்சுக் குடுப்பேன்."
பன்னிரண்டு மணி நேரத்துக்கு வைத்திருந்தது
ஒரே மடக்கில்.
ஜோபின் இரண்டாம் பீரியடில் டெஸ்க்மேல் கவிழ்வான்,
விடிகாலை மூன்று மணிக்கு
மருந்து வற்றிய உடம்பில் வலிப்பு வெட்டும்.
பொடிக்காதீங்க என்றேன்.
பின்ன என்ன செய்ய என்றாள்.

அதற்கு என்னிடமிருந்த பதில்
ஒரு கிலோ கொழுப்புத்தூள்,
இரண்டு மில்லிமீட்டர் அச்சு.
நல்லமிளகில் பாதி. வேளைக்கு இருபது.
கஞ்சியில் தூவினால் பல்லுக்குத் தப்பிவிடும்.

ஆறு கண்ணாடிக் கலங்களில் துடுப்புகள் சுற்றின.
மணிக்கொருதரம் ஐந்து மில்லி உறிஞ்சினேன்.
ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள்
சிரட்டையில் சொட்டிக்கொண்டிருந்தன,
அவற்றிடம் யாரும் வரைபடம் கேட்பதில்லை.
நாலாம் மணியில் நாற்பது சதவீதம். எட்டில் எழுபது.
கொள்ளாம் என்றான் லேப் அட்டெண்டர் பிரைட்சன்.

மூன்றாம் மாதம் சூட்டுப்பெட்டியிலிருந்து எடுத்த
அதே மாத்திரைகள்
எட்டாம் மணியில் நாற்பத்தொன்றோடு நின்றன.
கணக்கில் பிழையில்லை.
கொழுப்பு உள்ளுக்குள் புரண்டு படுத்திருந்தது,
இன்னும் நெருக்கமாய், இன்னும் சுகமாய்,
கதவைச் சாத்திக்கொண்டு.

இப்போது அச்சுக்கு முன்னே
இரண்டு நாள் வெதுவெதுப்பில் வைக்கிறேன்.
புரள்வதெல்லாம் அங்கேயே புரண்டு தீரட்டும்.
நேற்று ஒன்றை நாக்கில் வைத்து எண்ணினேன்.
அறுபதுவரை ஒன்றுமில்லை, மெழுகுதிரி வாசம்.
பல் நெரித்ததும்
கசப்பு காதுவரை ஏறியது.

ஷைனி ஃபோன் செய்தாள். எப்பம் வரும் அது?
முயல், அனுமதி, பெரியவர்கள், அனுமதி,
அப்புறம்தான் பிள்ளைகள்.
ஆறேழு வருஷம்.
அதற்குள் ஜோபினுக்கு மீசை அரும்பி
பெரிய மாத்திரையே இறங்கும் தொண்டை வந்திருக்கும்.
அதைச் சொல்லவில்லை.
பைய வரும் என்றேன்.
செரி என்றாள். ஃபோனை வைக்க மறந்துவிட்டாள் போல.
கரண்டிமேல் கரண்டி அழுந்தும் சத்தம்
கேட்டுக்கொண்டே இருந்தது.