மேசை எண் ஆறு

பிப்ரவரி. டுலூத் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
தணிக்கை நிறுவனங்களின் மேசைகள் பதினான்கு.
வந்த மாணவர்கள் ஒன்பது.
எண்ணிவிட்டாள் ஐலா. எண்ணுவது அவள் தொழில்.

முன்பெல்லாம் வரிசை கூடைப்பந்து வளையம் வரை நிற்கும்.
அவளும் நின்றிருக்கிறாள், அக்காவின் கோட்டில்.
இன்று நிறுவனங்கள்தாம்
சிங்காரித்து உட்கார்ந்திருக்கின்றன,
பெண்பார்க்க வந்தவர்கள்
சொஜ்ஜியைத் தொடாமலே எழுந்துவிடுவார்களோ என்று.
இலவசப் பேனா. இலவசத் தண்ணீர்க் குப்பி.
கையெழுத்துப் போட்டால் ஐயாயிரம் டாலர்.

பாஹூவா லோர் பேனாவை எடுக்கவில்லை.
"நேத்து எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க?"

அச்சடித்த பதில் இருந்தது:
வேலைக்கும் வாழ்வுக்கும் சமநிலை, பக்கம் மூன்று.
அதற்கு ரசீது இல்லை.
வாடிக்கையாளர் எவராவது இப்படி நீட்டியிருந்தால்
சிவப்பு மையில் சுழித்திருப்பாள்.

"பதினொன்றே கால்" என்றாள்.
பிறகு, கேட்காமலே:
"முதல் வருஷம், டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரி,
காகித ஆலை முற்றத்துல மரக்கட்டை எண்ணினேன்.
கம்ப்யூட்டர்ல நாலாயிரத்துப் பன்னிரண்டு.
பனிக்கு அடியில அவ்வளவு இல்லை.
மேனேஜர் காபி கொடுத்தார். அப்புறம் இன்னொரு காபி.
விரல் விறைச்சு பென்சில் விழுந்தது.
முதல்லேர்ந்து எண்ணினேன்.
அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு அதுக்கப்புறம் வந்ததில்லை."

ஏழாம் மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

லோர் நகரவில்லை. கையுறையைக் கழற்றினாள்.
"எவ்வளவு குறைஞ்சது?"

எதிர்ப்பக்கத்து நாற்காலியிலிருந்து
குப்பிகளின் பெட்டியை
இறக்கி வைத்தாள் ஐலா.