நாலு பேர்

டுலூத் நகரத்து மார்ச் என்பது
நடைபாதையோரம் கறுத்துப்போன பனி
போகமாட்டேன் என்று கிடப்பது.
நூலகத்தின் மூன்றாம் தளம், செவ்வாய், மாலை ஆறு மணி:
நாலு பேரும் ஒத்துக்கொண்டதுதான்.
ஆறு பத்துக்கு நான் மட்டும்.
ஆறரைக்கு மாரென் வந்தாள்,
சார்ஜர் இருக்கா என்று கேட்டாள்.

நான்காம் வகுப்புக்குப் பின்னங்கள்.
பத்து நாள் பாடத்திட்டம்.
மதிப்பெண் ஒன்றுதான், நாலு பேருக்கும் அதேதான்.
"பள்ளிக்கூடத்தில் யாரும் தனியாக வேலை செய்வதில்லை"
என்றார் பேராசிரியர் ஹால்வர்சன்,
இருபது வருடமாகத் தனி அறையில் இருப்பவர்.

டயர் கடையில் பதினான்கு வருடம் கணக்கெழுதியவள் நான்.
ரசீதும் ரொக்கமும் ஒத்துவராமல்
ஒரு நாளும் கதவைப் பூட்டியதில்லை.
முப்பத்தொன்பது வயதில் ஆசிரியர் பயிற்சிக்கு வந்து
ஹாக்கி ஆடும் டேரலிடம் மாட்டிக்கொண்டேன்.
"நாளைக்கு முடிச்சிடறேன்" என்று
கட்டைவிரல் படம் அனுப்புவான்.
அந்த நாளை வந்ததை யாரும் பார்க்கவில்லை.
ப்ரைஸ் எழுதுவான், நிறையவே எழுதுவான்,
எல்லாம் எந்த எழுத்துரு நல்லது என்பதைப் பற்றி.
மாரென் நல்லவள்.
எதைச் சொன்னாலும் அருமை என்பாள்.
அருமையை எந்தப் பக்கத்தில் ஒட்டுவது?

போகும்போது தூக்க நாலு பேர் வேண்டும் என்பார்கள்.
அங்கே ஒருத்தன் தோளை நழுவவிட்டால்
மற்ற மூவருக்கும் உடனே தெரிந்துவிடும்.

இரவு பதினொன்றரை.
பகிர்ந்த கோப்பில் என் பச்சைக் கோடு மட்டும் துடிக்கும்.
எப்போதாவது ஒரு ஊதாக் கோடு எட்டிப்பார்க்கும்,
நான் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்க்கும்,
போய்விடும்.
ஆறாம் நாள் பாடத்தில் யாரோ
பீட்சாவை ஏழாக வெட்டச் சொல்லியிருந்தார்கள்.
ஏழாக!
அழித்தேன்.
டேரல் ஒருவழியாக அனுப்பிய இரண்டு பத்தியில்
எழுத்தைத் திருத்தி, வாக்கியத்தைத் திருத்தி,
கடைசியில் பார்த்தால்
டேரலே மிச்சமில்லை.

ஏரி திறந்து
முதல் தாதுக் கப்பல் பாலத்தடியில் ஊதிய இரவு
முடித்து அனுப்பினேன்.
தொண்ணூற்று நான்கு.
நாலு பேருக்கும் தொண்ணூற்று நான்கு.
"நாம கலக்கிட்டோம்" என்றான் டேரல்.
நாம்.

அப்புறம் வந்தது படிவம்,
கூட்டாளிகள் என்னைப் பற்றிப் பெயரில்லாமல் எழுதியது.
ஒத்துழைப்பு: ஐந்துக்கு இரண்டு.
ஐந்துக்கு இரண்டு.
ஐந்துக்கு ஐந்து (மாரென்தான், அவளுக்கு எல்லோரும் ஐந்து).
கீழே ஒரு வரி:
"நான் எழுதினது காலையில் பார்த்தால் இருக்காது.
அப்புறம் எழுதறதை விட்டுட்டேன்."
பிழை ஒன்றுகூட இல்லை.
திருத்துவதற்கு எதுவுமே இல்லை.

கார் சூடாகும்வரை உட்கார்ந்து கூட்டிப்பார்த்தேன்.
பதினைந்தில் ஒன்பது.
சுருக்கினால் ஐந்தில் மூன்று.
கோபம் வந்தது, வராமலா இருக்கும்?
என் பதினோரு இரவுகளை எந்தப் படிவத்தில் எழுதுவது?
ஏழாக வெட்டுவது கஷ்டம்தான், இன்னமும் சொல்வேன்.

ஏப்ரலில் கற்பித்தல் பயிற்சி.
குழந்தைகளை நாலு நாலு பேராக உட்காரவைத்தேன்.
மேசைக்கு ஒரு வட்டக் காகிதம், ஒரு கத்தரிக்கோல்.
எட்டுத் துண்டு வேண்டும் என்றேன்.
ஜன்னலோர மேசையில் மேவிஸ் என்ற பெண்
கத்தரிக்கோலை விடாமல்
தானே வெட்டிக்கொண்டிருந்தாள், நாக்கைக் கடித்தபடி.
ஒருவன் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுகிறான்.
ஒருத்தி கூரையில் எதையோ எண்ணுகிறாள்.
பக்கத்தில் குனிந்தேன்.
கேட்பதற்கு முன்பே சொன்னாள்:
"இவங்க யாரும் நேரா வெட்ட மாட்டாங்க, மிஸ்."

நேராகத்தான் இருந்தன.
எட்டும் அச்சு வார்த்த மாதிரி.
குழுவாகக் கற்பதன் பயன்கள் என்று
ஒன்பது பக்கம் எழுதியவள் நான்.
முட்டி வலிக்க அங்கேயே குனிந்திருந்தேன்.

ஷூ நாடாக்காரன்தான் மெல்லக் கேட்டான்,
என்னையல்ல, மேசையை:
"ஏழா வெட்டினா என்ன ஆகும்?"

மேவிஸ் சிரித்துவிட்டாள், கெட்ட சிரிப்பு.
எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும்.

இன்னொரு வட்டமும்
இன்னொரு கத்தரிக்கோலும் எடுத்துவரப் போனேன்.